தோண்டிய செல்வமும் தேயாத செல்வமும்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரயிலில் ஏறி, மானாமதுரையைக் கடந்து கிழக்கே செல்லும்போது சன்னல் வழியே நோக்கியிருக்கிறீர்களா? பனைமரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். மழை பெய்த ஆண்டில் கண்மாய்களில் நீர் பளபளக்கும். பெய்யாத ஆண்டில் அவற்றின் அடிமண் வெடித்துக் கிடக்கும். களத்துமேடுகளில் மிளகாய் சிவக்கச் சிவக்கக் காயும். வைகையாறுகூட இங்கே வரும்போது மெலிந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். இக்காட்சியைக் கண்டவர்கள், "வானம் பார்த்த பூமி இது, இங்கே என்ன செல்வம் இருக்கிறது?" என்று கேட்பது இயல்பே.

இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். அவ்விடையோடு ஒரு மனிதருடைய வரலாறும் பிணைந்துள்ளது. கடல் கடந்த நாடுகளில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பொருள் ஈட்டி, அப்பொருளைத் தம் மண்ணில் கல்வியாக விதைத்த டாக்டர் அழகப்பச் செட்டியாரே அவர். அவர் பிறந்த கோட்டையூரும், அவரால் பெயர் பெற்ற காரைக்குடியும் இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனினும், 1985-ல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அவை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன.

முதலில் செல்வம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அது நிலத்தில் மட்டும் இல்லை. பெரும்பகுதி கடலில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் எஞ்சும். அவற்றுள் நாம் உண்ணும் சோற்றுப்பு 27 கிராம் அளவு இருக்கும். மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலிய உலோகங்களின் உப்புகள் கலந்திருக்கின்றன. மக்னீசியம் மட்டும் ஒரு லிட்டரில் 1.3 கிராம் இருக்கிறது. இது சொற்பம் என்று தோன்றும். ஆனால் நீளமும் அகலமும் ஆழமும் ஒவ்வொரு மீட்டர் கொண்ட ஒரு தொட்டியளவு நீரில் அது 1.3 கிலோ ஆகிறது. மன்னார் வளைகுடாவில் இத்தகைய தொட்டிகள் எத்தனை கோடி என்று எண்ணிப் பாருங்கள்!

வாலிநோக்கம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே உழைப்பவர்கள் பள்ளியில் இரசாயனம் பயிலாமலே ஓர் அரிய இரசாயன முறையைக் கையாள்கிறார்கள். கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காயவிடுகிறார்கள். நீர் செறியச் செறிய, கரைந்திருந்த பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகின்றன. முதலில் சுண்ணாம்புச் சத்துப் படியும். அடுத்து ஜிப்சம் படியும். அதன்பின்னரே சோற்றுப்பு படிகமாய் விளையும். நீரின் செறிவை ஒரு மிதவைக் கருவியால் 'டிகிரி' பார்த்து, இன்ன டிகிரியில் இன்ன பாத்திக்கு நீரைத் திருப்ப வேண்டும் என்று அறிந்து செய்கிறார்கள். உப்பை வாரிய பின்னர்ப் பாத்தியில் கசப்பான நீர் எஞ்சுகிறது. அந்தக் கசப்பு நீரில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் செறிந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரிக்கும் வழி அறியாதவனுக்கு அது கழிவுநீர். வழி அறிந்தவனுக்கு அது சுரங்கம். கழிவுநீரைச் சுரங்கமாக மாற்றும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அதற்கு அறிவு என்று பெயர்.

நிலத்தில் கிடைக்கும் கனிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். வெள்ளீயத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த ஈயம் வெள்ளீயமே. செட்டிநாட்டு அடுக்களைகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. இந்த உலோகத்தின் தாது, பர்மாவின் தெனாசெரிம் பகுதியில் தொடங்கி, மலேயாவின் வழியாக, இந்தோனேசியாவின் பங்கா, பெலித்தோங் தீவுகள்வரை ஒரு நீண்ட பட்டையாகப் பரவிக் கிடக்கிறது. காண்பதற்கு அது கருமணல் போன்றது. ஆற்றுச் சரளையோடு கலந்திருக்கும். ஆயினும் சாதாரண மணலைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. ஆகவே மலேயாவில் 'துலாங்' எனப்படும் மரத்தட்டில் சரளையை இட்டு, நீரில் வட்டமாக அசைத்து அலசுவார்கள். இலேசான மணல் நீரோடு வழிந்துவிடும். கனமான தாது தட்டின் அடியில் தங்கும். நம் தாய்மார்கள் அரிசியில் கல் அரிக்கும் அதே தத்துவந்தான்!

தட்டில் தாது தங்கிவிட்டால் மட்டும் சுரங்கம் உண்டாகிவிடாது. தாது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு பரப்பில் இருக்கிறது, அதை எடுக்கும் செலவு விற்கும் விலைக்கு உட்பட்டதா என்பனவெல்லாம் ஆராயப்பட வேண்டும். பல இடங்களில் தோண்டிப் பார்த்து, சிலவற்றில் மட்டுமே பயன் காண்பது இத்தொழிலின் இயல்பு. ஆதலால் கனித்தொழிலில் இறங்குவோருக்குப் பொருளோடு பொறுமையும், துணிவோடு கணக்கும் வேண்டும்.

இத்தகைய துணிவும் கணக்கும் வாய்ந்தவர்களே செட்டிநாட்டு நகரத்தார்கள். வறண்ட நிலத்தில் பிறந்த அவர்கள் கப்பலேறி இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்தினார்கள். அம்மரபில் 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் கோட்டையூரில் பிறந்தார் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் அங்கே கற்றுக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு அவர் தொடாத தொழில் இல்லை எனலாம். மலேயாவில் இரப்பர்த் தோட்டங்கள், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கங்கள், கேரளத்தில் நூற்பாலை, கல்கத்தாவில் காப்பீட்டு நிறுவனம், பிறகு சொந்த விமானப் போக்குவரத்து என்று அவருடைய முயற்சிகள் பல துறைகளிலும் விரிந்தன. ஆங்கில அரசு அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கியது. நாடு விடுதலை பெற்றதும் அப்பட்டத்தை அவர் துறந்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் பெயரை இன்று நாம் நினைக்கப்போவதில்லை. பொருள் ஈட்டியவர்கள் பலர். அதை எங்கே இடுவது என்று அறிந்தவர்கள் சிலரே.

1947 ஜூலை மாதத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா, சென்னை விவேகானந்தர் கல்லூரியில் நடைபெற்றது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் அங்கே பேசினார். பெரிய நகரங்களில் மட்டும் கல்லூரிகள் இருந்தால் போதாது. நாட்டுப்புறங்களிலும் அவை தோன்ற வேண்டும். செல்வர்கள் அதற்கு முன்வர வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். அக்கூட்டத்தில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் ஒரு கலைக்கல்லூரி நிறுவ உடனே முடிவு செய்தார். அடுத்த மாதமே, அதாவது நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்டு மாதத்தில், கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்வரை காத்திருக்கவில்லை; இருக்கும் இடத்தில் வகுப்புகள் நடந்தன. நல்ல எண்ணத்துக்கும் நற்செயலுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் ஒரே மாதத்தில் கடந்தார். 1950-ல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும், 1952-ல் பொறியியற் கல்லூரியும் அவ்வூரிலேயே தோன்றின. கிண்டியில் இன்றும் அவர் பெயரோடு விளங்கும் தொழில்நுட்பக் கல்லூரி அவருடைய முந்திய கொடையால் எழுந்தது. இறுதியில் தாம் வாழ்ந்த மாளிகையையும் பெண்கள் கல்விக்கென்று வழங்கினார்.

ஆனால் நம் கடற்கரையோடு நேரே தொடர்பு கொண்ட கொடை வேறொன்று.

விடுதலை பெற்ற நாட்டில் தேசிய ஆராய்ச்சிச் சாலைகளை நிறுவும் பொறுப்பு, விஞ்ஞானி சாந்தி சொரூப் பட்நாகரிடம் இருந்தது. தில்லி, பூனா, கல்கத்தா, ஜாம்ஷெட்பூர், தன்பாத் முதலிய இடங்களில் அவை எழத் தொடங்கின. அவை பெருநகரங்கள், அல்லது தொழில் வளர்ந்த ஊர்கள். அந்த வரிசையில், இரயில் நிலையமும் நகரத்தார் மாளிகைகளும் தவிரப் பெருந்தொழில் எதுவும் இல்லாத காரைக்குடிக்கு இடம் கிடைத்தது எவ்வாறு? அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அளித்தார். 1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாள் பொழுதில், அப்போது குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அந்நிலையத்தைத் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

மின்வேதியியல் என்றால் என்ன? மின்சாரமும் இரசாயன மாற்றமும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை ஆராயும் துறை அது. மின்கலத்தில் இரசாயன மாற்றம் மின்சாரத்தைத் தருகிறது. அதற்கு நேர்மாறாக, உருகிய உப்பில் மின்சாரத்தைச் செலுத்தினால், அது உப்பைப் பகுத்து உலோகத்தை விடுவிக்கிறது. இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி 1807, 1808 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலிய உலோகங்களை மின்சாரத்தின் துணையால் பிரித்துக் காட்டினார். உப்பளத்துக் கசப்பு நீரிலிருந்து உலோகம் எடுக்கலாம் என்னும் நம்பிக்கையின் வித்து அங்கே இருக்கிறது.

அதைச் செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். மக்னீசியம் நிறைந்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால், மக்னீசியம் வெண்ணிறக் குழம்பாகப் படிகிறது. அதை அமிலத்தில் கரைத்து, உலர்த்தி, மக்னீசியம் குளோரைடு என்னும் உப்பாக்குகிறார்கள். அவ்வுப்பைச் சுமார் 700 டிகிரி வெப்பத்தில் உருக்கி மின்சாரத்தைச் செலுத்தினால், ஒருபுறம் குளோரின் வாயு எழுகிறது. மறுபுறம் உருகிய மக்னீசியம் மேலே மிதக்கிறது. அது இரும்பில் நாலில் ஒரு பங்குக்கும் குறைந்த எடை கொண்டது, அலுமினியத்தைவிட இலேசானது. ஆகவே விமானத்துக்கும் ஊர்திக்கும் வேண்டிய கலப்பு உலோகங்களில் அதற்குச் சிறப்பான இடம் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஃப்ரீபோர்ட் என்னுமிடத்தில், 1941-ல் கடல்நீரிலிருந்தே மக்னீசியம் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு வேண்டிய சுண்ணாம்பையும் கடலடியில் கிடந்த பழைய சிப்பி ஓடுகளிலிருந்தே பெற்றார்கள்.

காரைக்குடி விஞ்ஞானிகளும் மக்னீசியம் எடுக்கும் முறையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து செம்மைப்படுத்தினார்கள். அம்முறையைக் கொண்டு இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள வாலிநோக்கத்தில் ஒரு தொழிற்சாலையும் எழுந்தது. ஆனால் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. இதை நான் மறைக்கவில்லை, நேயர்களே. ஒரு கிலோ மக்னீசியம் எடுக்கப் பத்து யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் வேண்டும். ஆகவே இத்தொழில் எங்கே நடந்தாலும் மின்சாரச் செலவு பெருஞ்சுமையாகவே இருக்கிறது. ஆராய்ச்சிச் சாலையில் வென்ற முறை, சந்தையிலும் வெல்ல வேண்டும். முதல் முறை தோண்டிய குழியில் தாது கிடைக்கவில்லை என்பதற்காகக் கனி தேடுபவன் மண்வெட்டியை எறிந்துவிடுவதில்லை. இன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிப் பக்கம் சூரிய ஒளியிலிருந்து பெருமளவில் மின்சாரம் எடுக்கிறார்கள். வெயிலைக் கொண்டு உப்பு விளைவிக்கும் கடற்கரையில், அதே வெயிலைக் கொண்டு உலோகமும் விளைவிக்க முடியுமா? இது விடை காணப்படாத வினா. விடை காண வேண்டியவர்கள் இப்பேச்சைக் கேட்கும் மாணவர்களாக ஏன் இருக்கலாகாது?

மின்வேதியியலுக்கு மற்றொரு வேலையும் இக்கரையில் உண்டு. உலோகத்தை எடுப்பதைப் போலவே காப்பதும் அதன் கடமை. இரும்பு துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதி மாற்றமே. ஈரம், காற்று, உப்பு மூன்றும் கூடிய இடத்தில், இரும்பின் மேற்பரப்பே ஒரு சிறு மின்கலமாக மாறித் தன்னைத் தானே தின்கிறது. மனிதன் பாடுபட்டுத் தாதிலிருந்து பிரித்த இரும்பு மீண்டும் தாதைப் போன்ற செம்மண்ணாகிவிடுகிறது. பாம்பன் கடலின் மேல் 1914-ல் திறக்கப்பட்ட இரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாத போராட்டமாயிருந்தது. 2025-ல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. உப்புக் காற்றோ பழைய காற்றேதான். இத்தகைய இடமே ஆராய்ச்சிக்கு ஏற்றது என்று கருதி, காரைக்குடி நிலையத்தார் மண்டபத்தில் அரிமான ஆராய்ச்சிக்கு ஒரு கிளை அமைத்தார்கள். பலவகை உலோகத் தகடுகளையும் வண்ணப்பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்து, எது தாங்கும், எது தாங்காது என்று கண்டறிவது அத்தகைய ஆராய்ச்சியின் வழி. ஊரின் குறையே இங்கு ஆராய்ச்சியின் கருவியாயிற்று.

அறிவில்லாமல் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் இக்கடலே சாட்சி. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் உள்ளன. அவை சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. பல்லாண்டுக் காலம் அவற்றை உடைத்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றினார்கள். கல் என்று எண்ணியே எடுத்தார்கள். ஆனால் அது உயிர்கள் கட்டிய வீடு, மீனுக்கு நாற்றங்கால், தீவுக்கு வேலி. வேலி போன பின் அலை தீவை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. 1986-ல் வளைகுடாத் தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-ல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் மூழ்கிய தீவுகளைச் சட்டம் மேலே கொணர முடியாது. எதை எடுக்கலாம் என்று அறிவது அறிவின் பாதி. எதை விட்டுவைக்க வேண்டும் என்று அறிவதே மறுபாதி.

நேயர்களே, மீண்டும் அழகப்பரிடம் வருவோம். அவர் காலத்து நகரத்தார் செல்வம் பர்மாவில் எத்துணைப் பெரிதாக இருந்தது! 1930-களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை புகுந்தது. பல்லாயிரவர் கால்நடையாகவே தாயகம் திரும்பினர். போருக்குப் பின் நிலங்கள் நாட்டுடைமையாயின. 1963 முதல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. பத்திரங்கள் வெறும் காகிதங்களாயின. வட்டிக்குப் பணமும் கடனுக்கு நிலமும் வாங்கியவர்களின் வாழ்வில் அந்தச் செல்வம் ஏற்படுத்திய மனக்கசப்பும் அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை வரலாறு படிக்கும் மாணவர் மறத்தலாகாது.

அழகப்பர் 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தார். மறுநாள் பிறந்திருந்தால் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிரம்பியிருக்கும். அதற்கு முந்திய ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியிருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் தமிழர் வாங்கிய தோட்டங்களும் சுரங்கங்களும் பல கைகள் மாறிவிட்டன. காரைக்குடியில் அவர் இட்ட விதையோ வளர்ந்து, 1985-ல் அழகப்பா பல்கலைக் கழகமாயிற்று. மின்வேதியியல் நிலையத்தில் இன்றும் விளக்குகள் எரிகின்றன. அங்கே ஆராய்ச்சியோடு மாணவர்க்குப் பட்டப் படிப்பும் நடைபெறுகிறது. வானம் பார்த்த பூமியில் பிறந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் அவ்வூர்க் கல்லூரிகளின் படிகளில் ஏறியவர்களே.

சுரங்கத்தில் எடுக்க எடுக்கக் குறையும். கல்வியில் எடுக்க எடுக்க ஊறும். இவ்வேறுபாட்டை உணர்ந்தே, தோண்டிய செல்வத்தைத் தேயாத செல்வமாக மாற்றிச் சென்றார் அவர். அவரைப் போல் இலட்சங்கள் கொடுக்க எல்லாராலும் இயலாது. ஆயினும், கற்ற ஒன்றைத் தம் ஊருக்குத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலும். அடுத்த முறை இராமேசுவரம் இரயிலில் செல்லும்போது சன்னலோரம் அமருங்கள். வறண்ட நிலம் என்று சொல்லாதீர்கள், "இதில் நான் இன்னும் அறியாதது என்ன?" என்று கேளுங்கள். செல்வம் அந்த வினாவில்தான் தொடங்குகிறது.